பதினோரு மணி வண்டி

சபையில் எல்லாரும் அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் சனிக்கிழமைதோறும் பழைய துணி பிரிப்பார்கள். வீடுவீடாக வாங்கி வந்த மூட்டைகளை அவிழ்த்து, ஆண், பெண், குழந்தை என்று மூன்று மேசைகளில் குவிப்பார்கள். பொத்தான் போனதும் தையல் விட்டதும் அவளிடம் வரும். ஜன்னலோரம் அவளுடைய மெஷின் நிற்கும். "ஒத்தைக் காலுறையைக்கூட தானம்னு கொடுத்துட்டுப் போயிடறாங்க" என்று அலுத்துக்கொள்வாளே தவிர, ஒன்பது வருஷத்தில் ஒரு சனிக்கிழமையையும் அவள் விட்டதில்லை.

அன்றைக்கு மட்டும் ஊசியில் நூல் கோக்க அவளுக்கு மூன்று தடவை ஆயிற்று.

அவள் முதுகுக்குப் பின்னால், துணி அடுக்கும் உள்ளறையில், ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவரின் மனைவியும் ஆறு வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. முதியோர் இல்லத்துக்குத் துணி மூட்டை ஏற்றிப் போக, பதினோரு மணிக்குத் தையலக்காவின் தம்பி வேன் கொண்டு வருவான். மூட்டைகளோடு இந்த இருவரையும் ஏற்றி, வேறு ஊரில் இருக்கும் பெண்கள் காப்பகத்தில் விட வேண்டும். காப்பகத்தோடு பேசி முடித்தது, குழந்தைத் துணி மேசையருகே நின்றுகொண்டிருந்த நர்சம்மா. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். விஷயம் தெரிந்தது இவர்கள் மூன்று பேருக்குத்தான்.

எல்லாம் ஒரு சட்டையில் ஆரம்பித்தது. ஆர்கன்காரரின் மனைவி, தோள் மூட்டில் கிழிந்த தன் சட்டை ஒன்றைத் தைக்கக் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் வேறொரு சட்டை, அதே இடம். அப்புறம் இன்னொன்று. தேய்ந்து கிழிந்தால் இழை பஞ்சுபஞ்சாகப் பிரியும். இழுத்துக் கிழித்தால் துணியே வாயைப் பிளந்துகொள்ளும். மூன்றாவது சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "இதை யாரும்மா இழுத்தது?" என்று தையலக்கா கேட்டாள். அந்தப் பெண் கழுத்துப் பட்டியை விலக்கிக் காட்டினாள்.

ஆர்கன்காரரோ சபைக்கே செல்லப்பிள்ளை. கல்யாணமோ சாவோ, கூப்பிட்ட குரலுக்கு வந்து வாசிப்பார். யாராவது படுக்கையில் விழுந்தால் முதலில் போய் நிற்பார். போதகருக்கு வலது கை. அவரைப் பற்றி யாரிடம் போய் வாயைத் திறப்பது?

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் வாசலில் நிழலாடியது.

"என்னக்கா, வேலை நடக்குதா?"

ஆர்கன்காரர்தான். அவருக்குப் பாட்டு ஒத்திகை சாயங்காலம். காலையில் வர எந்த வேலையும் இல்லை. தையலக்கா மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை.

"வாங்க. என்ன இந்த நேரத்துல?"

"வீட்ல ரெண்டு பேரையும் காணோம். இந்தப் பக்கம் வந்தாங்களா?"

"நான் பார்க்கலையே."

பொய் அத்தனை சுலபமாக வந்தது அவளுக்கே திக்கென்றது. அவர் போவதாக இல்லை. மேசையிலிருந்து ஒரு சின்னக் கவுனை எடுத்து, ஓரம் ஓரமாகச் சேர்த்து அழகாக மடித்தார்.

"பாப்பாவுக்கு ராத்திரியெல்லாம் இருமல். மருந்துகூட எடுத்துட்டுப் போகலை."

குரலில் அவ்வளவு பாசம். நாம்தான் தப்பாகப் புரிந்துகொண்டோமோ, ஒரு குடும்பத்தைப் பிரிக்கிற பாவத்தைத் தலையில் போட்டுக்கொள்கிறோமோ என்று ஒரு நிமிஷம் தையலக்காவின் நெஞ்சு ஆடிப்போனது. அந்தக் கழுத்தை நினைத்துப் பார்த்தாள். விரல் தடம் நாலும் தனித்தனியாகத் தெரிந்த கழுத்து. மறுபடி மெஷினை மிதித்தாள். நர்சம்மா ஒரே துண்டை மூன்றாவது முறையாக மடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் போதகர் உள்ளே வந்தார். வெள்ளை மனசுக்காரர். யார் சண்டையென்றாலும் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஜெபம் பண்ணிச் சேர்த்துவைப்பதில் அவருக்கு அலாதிப் பெருமை.

"அட, நீங்களும் வந்தாச்சா? இன்னிக்குக் குடும்பத்தோட சேவை போலிருக்கு. காலைல உங்க வீட்டம்மாவும் பாப்பாவும் கேட்ல நுழையறதைப் பார்த்தேன்."

மெஷின் நின்றது. ஆர்கன்காரர் கவுனைக் கீழே வைத்துவிட்டுத் தையலக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"பார்க்கலைன்னு சொன்னீங்களேக்கா."

உள்ளறையிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "அம்மா, எனக்கு ஒண்ணுக்கு வருது."

ஆர்கன்காரர் நேராக அந்தக் கதவை நோக்கி நடந்தார். தையலக்கா எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. அவருக்கு முன்னால் போய்க் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டாள்.

"நகருங்க."

"மாட்டேன்."

"இது என் குடும்ப விஷயம். துணி தைக்கிறவங்க துணியோட நிறுத்திக்கணும்."

"என்ன நடக்குது இங்க?" என்றார் போதகர்.

"ஐயா, இவர் அவளை அடிக்கிறாரு. கழுத்தைப் பிடிச்சு நெரிச்சிருக்காரு. நான் கண்ணால பார்த்தேன். நர்சம்மாவும் பார்த்திருக்காங்க."

போதகர் நர்சம்மாவைப் பார்த்தார். அவர் ஆமாமென்று தலையசைத்தார். ஆர்கன்காரர் தரையைப் பார்த்தபடி, கண் கலங்கி நின்றார்.

"கோபத்துல ஒரு தடவை கையை ஓங்கிட்டேன் ஐயா. மனுஷன்தானே நானும்."

போதகரின் முகம் இளகியது. தையலக்கா பயந்தது இதற்குத்தான். "சரி, சரி. எல்லாரும் உட்காருவோம். அந்தம்மாவும் வெளியே வரட்டும். மனசு விட்டுப் பேசி, ஜெபம் பண்ணினா..."

"ஜெபத்தை நீங்க இவரோட தனியா பண்ணுங்க ஐயா. அவ போகட்டும்."

போதகரிடம் அவள் இப்படிக் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விலகியது. ஆர்கன்காரரின் மனைவி ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாக நின்றாள். யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள்.

"பாப்பா" என்றார் அவர். மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்தார்.

குழந்தைக்கு என்ன தெரியும்? அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிப்போய் அவர்மேல் சாய்ந்துகொண்டது. அவர் தூக்கிக்கொண்டு எழுந்தார். நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"குழந்தையைக் கொடுங்க."

"வீட்டுக்கு வா. தரேன்." சிரித்தபடியேதான் சொன்னார்.

வேனில் தம்பி ஹாரன் அடித்தான். எதற்கும் பொறுமையில்லாதவன். மறுபடியும் அடித்தான்.

"அப்பா, கை வலிக்குது" என்றது குழந்தை.

போதகர் பார்த்தார். அந்தச் சின்னக் கையைச் சுற்றி ஆர்கன்காரரின் விரல்கள் இறுகியிருந்தன. ஞாயிறுதோறும் பீடத்திலிருந்து அவர் பார்த்துப் பூரித்த விரல்கள். விரலுக்கு மேலும் கீழும் குழந்தையின் தோல் சிவந்துவிட்டிருந்தது.

"பாப்பாவை இறக்கி விடுங்க" என்றார் போதகர்.

"ஐயா, நீங்களே பார்த்தீங்கல்ல, அவளே ஓடி வந்தா..."

"இறக்கி விடு."

பதினைந்து வருஷப் பழக்கத்தில் போதகர் அவரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. ஆர்கன்காரர் அதிர்ந்துபோய் அவரைப் பார்த்தார். விரல்கள் தளர்ந்தன. நர்சம்மா எட்டிக் குழந்தையை வாங்கி, நேராகக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்து பின்பக்கமாகவே வேனுக்குக் கொண்டுபோய்விட்டார். தாயும் ஏறினாள். வேன் புறப்படும்வரை போதகர் கூடத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஆர்கன்காரர் முட்டிப் பார்க்கவில்லை. பேச ஆரம்பித்தார். சிரிப்பும் அழுகையும் போய், தையலக்காவைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை அந்தக் கூடம் அதுவரை கேட்டதில்லை. போதகர் அத்தனையையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஆர்கன் இல்லாமல் பாடினார்கள். சுருதி நாலு திசையிலும் போனது. ஆராதனை முடிந்ததும் பாதிப் பேர் தையலக்காவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குடும்பத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் வந்தது. மூட்டை வருவது குறைந்தது. போதகரும் ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

போதகர் யோசித்தார். "அவனைக் கூப்பிட்டு விசாரிச்சிருப்பேன்."

"அதான் சொல்லலை."

அடுத்த வாரம் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் காப்பகத்தின் போன் நம்பர் ஒட்டியிருந்தது. நர்சம்மா ஒட்டவில்லை, தையலக்காவும் ஒட்டவில்லை. கையெழுத்து போதகருடையது.

காப்பகத்திலிருந்து சேதி வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். குழந்தை இன்னும் அப்பாவைக் கேட்கிறதாம். அதைக் கேட்ட அன்று தையலக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆர்கன்காரர் ஊரின் அந்தக் கோடியில் வேறொரு சபையில் வாசிக்கிறார் என்று சேதி வந்தது. பிரமாதமாக வாசிக்கிறாராம். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்றாம். அங்கே ஒரு விதவைப் பெண்ணோடு பழக்கம் என்றும் சொன்னார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போதகர் தையலக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டிருந்தார்.

"அந்தச் சபைப் போதகரைப் பார்க்கப் போறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லணும். தனியாப் போனா நான் வழவழன்னு பேசிட்டு வந்துடுவேன். கூட வரீங்களா?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் வழிநெடுக அவர் எப்படித் தொடங்குவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும், "நல்ல மனுஷன்தான், ஆனா" என்றே ஆரம்பித்தார்.

"அதை விட்டுடுங்க ஐயா. அதுக்கு அடுத்ததுலேர்ந்து சொல்லுங்க" என்றாள் தையலக்கா.

அவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.