புது ஜாக்கி

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக யார்டுக்கு வந்தவள், தன் லாரியைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். லாரியின் முதுகில் புது ஜாக்கி பளபளத்துக்கொண்டிருந்தது. தண்டில் ஒரு கீறல் இல்லை. பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை.

அது கொக்கி லாரி. மற்ற லாரிகளைப் போலப் பின்னால் தொட்டி கிடையாது. அந்த இடத்தில் யானைத் துதிக்கை மாதிரி ஓர் இரும்புக் கை, அதன் நுனியில் கொக்கி, அவ்வளவுதான். தரையில் கிடக்கும் பெரிய இரும்புப் பெட்டியை, உள்ளே இடிந்த சுவர் இருந்தாலும் சரி, பழைய இரும்பு இருந்தாலும் சரி, அந்தக் கை பின்னால் வளைந்து போய் மாட்டி இழுத்து முதுகில் ஏற்றிக்கொள்ளும். இறக்குவதும் அப்படித்தான். அத்தனை பளுவையும் அந்தரத்தில் பிடித்து நிறுத்துவது அந்தக் கையைத் தூக்கும் ஜாக்கிக்குள் இருக்கும் எண்ணெய். எண்ணெய் கசிந்தால் கை நிற்காது.

பழைய ஜாக்கி போன மழைக்காலத்திலிருந்தே கசிந்துகொண்டிருந்தது. லீவரை நடுவில் வைத்தால் அப்படியே நிற்க வேண்டிய கை, தூக்கத்தில் தலை சாய்கிற கிழவர் மாதிரி மெல்ல மெல்ல இறங்கும். அவள் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன்தான் முதலாளி. யார்டும் அவனுடையது, லாரிகளும் அவனுடையவை. முதலாளியின் தங்கை என்பதால் யார்டில் வயதானவர்கள்கூட அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் லாரி ஓட்டுவாள். கீழே நின்று பெட்டியைப் பூட்டுவதும், சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதும், கைகாட்டுவதும் அவள் கணவன் வேலை.

"ஆயில் குறைஞ்சா ஊத்திக்கிட்டே ஓட்டு பாப்பா. அடுத்த மாசம் மாத்திடலாம்" என்றான் அண்ணன்.

அடுத்த மாசம் வந்தது. அதற்கடுத்த மாசமும் வந்தது. "லாரியை நிறுத்தினா லோடு யாரு எடுப்பா? உங்க மாமனாரா?" என்று ஒருநாள் சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

ஒரு பழைய கட்டடத்தை இடிக்கும் இடத்தில் அது நடந்தது. காலிப் பெட்டியை இறக்கும்போது பெட்டியின் அடியிலிருந்த பின்சக்கரம் ஒரு கான்கிரீட் துண்டில் ஏறிச் சிக்கிக்கொண்டது. பெட்டியின் முன்பக்கம் கொக்கியில் தொங்கியது. அவள் லீவரை நடுவில் வைத்தாள். வழக்கம்போல அவள் கணவன் கட்டையோடு பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து போனான். கண்ணாடியில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல இறங்கிப் பழகிய கை அன்றைக்கு மெல்ல இறங்கவில்லை. முதலில் பெட்டியின் சத்தம் கேட்டது. அவன் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இப்போது புது ஜாக்கிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் மெல்ல வெளியே வந்தார். தலைமுடி, காதுமடல் எல்லாம் பிசுக்கு. அவருக்கு யார்டில் கிரீஸ் என்று பெயர்.

"எப்பண்ணே மாத்தினீங்க?"

கிரீஸ் ஒரு துணியில் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கையைத்தான் மறுபடியும் துடைத்தார். "நேத்து. முதலாளி உடனே மாத்தணும்னாரு."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை நாள் வேலைதான் தங்கச்சி" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

அரை நாள். அவள் உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை எரிந்தது. ஆபீஸ் அறைக் கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அண்ணன் எழுந்து வந்தான். "வா பாப்பா. மாப்ள எப்படி இருக்காரு? நானே வரணும்னுதான்…"

"ஜாக்கியை எதுக்கு மாத்தின?"

"என்ன கேள்வி இது? நீதானே மாத்து மாத்துன்னு உயிரை எடுத்த."

"அப்ப மாத்தல. அவரு கால் போனப்புறம் மாத்தியிருக்க."

அண்ணன் கதவைச் சாத்தினான். குரலைத் தணித்தான். "நாளைக்குத் தொழிலாளர் பாதுகாப்பு ஆபீஸ்லேர்ந்து இன்ஸ்பெக்டர் அம்மா லாரியைப் பாக்க வராங்க. வண்டி நல்லா இருக்குன்னு தெரிஞ்சா கேஸ் இத்தோட முடிஞ்சிரும். பெட்டிக்குப் பக்கத்துல போகக் கூடாதுன்னு ரூல் இருக்கு, மாப்ளதான் அவசரப்பட்டுப் போயிட்டாருன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். மத்ததை நான் பாத்துக்கறேன். அவரை நடுத்தெருவுல விட்டுருவேனா? என் தங்கச்சி புருஷன்."

"தினமும் போய்க் கட்டை வைக்கச் சொன்னது யாரு? அன்னைக்கு, தரை மேடு பள்ளமா இருக்கு, வேற இடத்துல இறக்கறேன்னு அவரு சொன்னப்ப, அதுக்கெல்லாம் நேரம் இல்ல, கட்டையை வச்சு இறக்குன்னு போன்ல கத்தினது யாரு?"

"சத்தம் போடாத."

"போடுவேன்."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். முகம் மாறியது. "சரி. மாப்ள தப்பு இல்லேன்னா யாரு தப்பு? லீவர் யாரு கையில இருந்துச்சு? என் கையிலயா? யோசிச்சுப் பாரு. ஒண்ணு அவரு தப்பு, இல்ல உன் தப்பு. மூணாவதா ஒண்ணு கிடையாது."

சின்ன வயதில் சைக்கிள் கற்றுக்கொடுக்கும்போது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவன் இவன்தானா என்று முகத்தைப் பார்த்தாள். அதற்குள் அவன் போனில் அம்மாவைப் பிடித்து அவளிடம் நீட்டினான். "அம்மா பேசணுமாம்."

அம்மா அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். போனைக் காதில் வைத்ததுமே அழுகை. "நடந்தது நடந்துபோச்சு. போன கால் திரும்பி வரப்போகுதா? கூடப்பொறந்தவனைக் காட்டிக் குடுத்தாதான் உன் வயிறு குளிருமா? அவனுக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குடி."

"எனக்கு ஒரு புருஷன் இருக்காரும்மா. அவரு எப்படி இருக்காருன்னு நீ இன்னும் கேக்கல" என்று சொல்லிப் போனை மேசையில் வைத்தாள். அதற்குள்ளிருந்து அம்மாவின் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெளியே வந்தாள். கிரீஸ் இன்னும் லாரிக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"பழசு எங்கண்ணே?"

அவர் யார்டின் கடைசியில் சுவரோரம் கிடந்த பழைய இரும்புப் பெட்டியின் பக்கம் கண்ணை மட்டும் காட்டினார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேறு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். வேலையை இழக்கவும் அவருக்கு மனசில்லை, பொய் சொல்லவும் மனசில்லை.

அவள் பெட்டியின் பக்கவாட்டு ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தாள். துருப்பிடித்த கம்பிகள், நசுங்கிய பீப்பாய்கள். அவற்றுக்கு அடியில் பாதி புதைந்து பழைய ஜாக்கி. தண்டில் நீளமாக ஓடிய கீறலை ஏணியிலிருந்தே பார்க்க முடிந்தது. அந்தப் பெட்டி அன்றைக்கே இரும்பு உருக்கும் ஆலைக்குப் போகவிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அண்ணன் அதை உருக்கியே விடப் பார்த்தான்.

இறங்கி வந்து, ஆபீஸ் வாசலிலிருந்தே சொன்னாள். "அந்த இரும்புப் பெட்டியை நானே எடுத்துட்டுப் போறேன்."

அண்ணன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் நிம்மதி வந்தது. "அதானே! ரத்தம் ரத்தம்தான்" என்றான். "போயிட்டு வா. புது ஜாக்கி எப்படி இருக்குன்னும் பாத்த மாதிரி ஆச்சு."

புது ஜாக்கி வெண்ணெய் மாதிரி வேலை செய்தது. கை சத்தமில்லாமல் வளைந்து போய்ப் பெட்டியை மாட்டியது, குலுக்காமல் இழுத்து ஏற்றியது. ஓரிடத்தில் லீவரை நடுவில் வைத்துப் பார்த்தாள். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். தினமும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆலைக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். அவள் வலதுபக்கம் திரும்பினாள்.

தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்தின் வாசலில் காவலாளி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஏம்மா, ஏம்மா! இது ஆபீஸும்மா! குப்பையைக் கொண்டாந்து இங்க இறக்கற!"

"குப்பை இல்லண்ணே, சாட்சி. தள்ளி நில்லுங்க. ரொம்பத் தள்ளி நில்லுங்க."

அவர் மரத்துக்கு அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்தாள். பிறகு கார்கள் நிற்கும் இடத்தின் நட்டநடுவில் பெட்டியை இறக்கிவைத்தாள். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. இன்ஸ்பெக்டர் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஒல்லியான, கண்டிப்பான முகம்.

"யாரும்மா நீ? இது என்ன அராஜகம்?"

"நாளைக்கு நீங்க பாக்கப்போற லாரி இதுதான் மேடம். நான்தான் டிரைவர். கால் போனது என் வீட்டுக்காரருக்கு. லாரியில மாட்டியிருக்கறது நேத்து மாட்டின ஜாக்கி. அன்னைக்கு இருந்த ஜாக்கி இந்தப் பெட்டிக்குள்ள கிடக்குது. நான் கொண்டு வரலேன்னா இந்நேரம் உலையில கொதிச்சுக்கிட்டு இருக்கும்."

இன்ஸ்பெக்டர் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிப் பெட்டிக்குள் பார்த்தார். இறங்கியதும் காவலாளியிடம், "இந்தப் பெட்டியை யாரும் தொடக் கூடாது" என்றார்.

அண்ணனின் கார் சீறிக்கொண்டு வந்து நின்றது. பெட்டி ஆலைக்குப் போய்ச் சேரவில்லை என்று யாரோ போன் செய்திருக்க வேண்டும். அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். "மேடம், மன்னிச்சுக்கோங்க. என் தங்கச்சிதான். வீட்டுக்காரருக்கு அடிபட்டதுல மனசு சரியில்ல. இது எங்க குடும்ப விஷயம். நாங்க பேசி…"

"என்ன குடும்பம்?" அவள் போட்ட கத்தலில் காவலாளி திடுக்கிட்டார். "குடும்பம்னா குடும்பத்துக்காரன் தலைக்கு மேலயாவது நல்ல ஜாக்கியை மாட்டணும். கூலிக்கு வந்தவன் யாராவது செத்திருந்தா இதே மாதிரி உருக்கியிருப்ப, நானும் உன் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்திருப்பேன். அதை நினைச்சாத்தான் எனக்கு எரியுது!"

"லீவர் அவ கையிலதான் மேடம் இருந்துச்சு" என்றான் அண்ணன். இப்போது சிரிப்பு இல்லை.

"ஆமா, என் கையிலதான் இருந்துச்சு. எழுதிக்கோங்க மேடம். லீவர் நடுவுல இருந்துச்சு. அதுக்கு மேல உங்களுக்குச் சந்தேகம் இருந்தா, பழைய ஜாக்கியை மறுபடி மாட்டச் சொல்லுங்க. தூக்கிப் பாப்போம்."

அப்படித்தான் செய்தார்கள். அலுவலகத்தின் ஆட்கள் பழைய ஜாக்கியை யார்டுக்குக் கொண்டுவந்து, தாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிரீஸை மாட்டச் சொன்னார்கள். சுற்றிலும் கயிறு கட்டினார்கள். லாரி ஓட்டுகிறவர்கள், வெல்டர்கள், யார்டு வாசல் காவலாளி என எல்லாரும் வந்து நின்றார்கள். அவள் ஏறி உட்கார்ந்தாள். காலிப் பெட்டியை மாட்டினாள். முன்பக்கம் ஆள் உயரத்துக்கு எழும்பியது. லீவரை நடுவில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினாள்.

பெட்டி தொங்கியது. மெல்லச் சாயத் தொடங்கியது.

"அண்ணே!" அவள் ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். "நேரம் இல்ல, கட்டையை வச்சு இறக்குன்னு சொல்லுவியே. போ. போய் வை!"

அண்ணன் அசையவில்லை. ஒரு லாரிக்காரர் காலடியில் கிடந்த கட்டையை எடுத்து அவன் முன்னால் போட்டார். அவன் அதைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், ஓரடி பின்னால் வைத்தான். அதற்குள் பெட்டி விழுந்தது. தரை அதிர்ந்து புழுதி எழும்பியது. கூட்டத்தில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார். அதிகாரிகள் முன்னால் நின்றும் அவரை யாரும் அடக்கவில்லை.

எல்லா லாரிகளையும் சோதித்து முடிக்கும்வரை யார்டை மூடிவைத்தார்கள். இன்னும் இரண்டு லாரிகள் அதே நிலையில்தான் இருந்தன. அண்ணன்மேல் வழக்கு நடக்கிறது. கிரீஸ் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார், கடைசியில் தைரியம் வந்து. அம்மா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். உறவுக்காரர்கள் பலரும் அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதற்கெல்லாம் அவள் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வருத்தத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்ததால் தாங்க முடிந்தது.

கணவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்புவதற்குச் சில நாள் முன்பு அண்ணன் அங்கே வந்தான். கையில் பழப்பை. தாடி வளர்ந்திருந்தது. கட்டிலின் கால்மாட்டில் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு, வேறெங்கோ பார்த்தான்.

"வாங்க மச்சான், உக்காருங்க" என்றான் கணவன்.

"இவருக்கு என்ன உபசாரம் வேண்டிக்கிடக்கு?" என்று அவள் பாய்ந்தாள்.

"நீ கொஞ்சம் சும்மா இரு." கணவன் அவளைப் பார்க்காமலே சொன்னான். பிறகு அண்ணனிடம், "மச்சான், நான் பாத்ரூம் போகணும். கொஞ்சம் பிடிங்க" என்றான்.

அண்ணன் பழப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையில் வைத்தான். குனிந்தான். கணவன் அவன் கழுத்தில் கையைப் போட்டு முழு பாரத்தையும் சாய்த்தான். ஒற்றைக் காலில் குதித்துக் குதித்துப் போனார்கள். ஒவ்வொரு குதிப்பிலும் கணவன் பல்லைக் கடித்தான், முனகலை மறைக்கவில்லை. அண்ணன் முழுசாகப் பார்க்கட்டும் என்று கணவன் வழக்கத்தைவிட மெதுவாகப் போனது அவளுக்குத் தெரிந்தது. கணவனிடமும் இவ்வளவு கோபம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்ததும் அண்ணன் வராந்தாவுக்கு ஓடினான். சுவரில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு அழுதான். மருந்துச் சீட்டோடு வெளியே வந்த அவள் அவனைக் கடந்து போனாள்.

"பாப்பா…" என்றான்.

அவள் நின்றாள், திரும்பவில்லை. "கோர்ட்டுல உண்மையைச் சொல்லு. அப்புறம் அழு" என்றாள். மருந்துக் கடையில் வரிசை நீளமாக இருந்தது. போய் நின்றுகொண்டாள்.