வாங்க என்று ஒரு வார்த்தை

எங்கள் ஊரில் சிறுநீரகத்தைத் தனியாக அனுப்புவதில்லை. கல்யாணமான பெண்ணோடு புகுந்த வீட்டுக்குத் துணையாட்கள் போவதுபோல, கொடுத்தவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கொஞ்சம் செல்களும் கூடவே போகும். என் மனைவி கோமதி விபத்தில் இறந்தபோது அவளுடைய சிறுநீரகம் ஒன்றை, இரண்டும் பழுதாகிக் கிடந்த எனக்கு வைத்தார்கள். துணைக்கு வந்த செல்கள் ஒரு சின்னப் பையிலிருந்து சொட்டுச் சொட்டாக என் கை நரம்பில் இறங்கின.

பல நாளாகியும் சிறுநீர் வரவில்லை. டாக்டர் ஜெசிந்தா என் அடிவயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"வந்தவங்க கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. உங்க வெள்ளையணுக்கள் வாசல்லயே மறிச்சிருச்சாம். வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலியாம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோமதி வீட்டார் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். எங்கள் கல்யாணத்தில் அவள் மாமாவை யாரும் வாங்க என்று சொல்லாததால், அவர் பந்தியில் கை நனைக்காமலே தென்காசிக்கு பஸ் ஏறிவிட்டார்.

"இப்படியே போனா எடுத்துரணும்" என்றார் டாக்டர்.

எடுத்துவிட்டால் உலகத்தில் கோமதி என்று எதுவும் மிஞ்சாது. அன்று முதல் அடிவயிற்றில் கைவைத்து "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் வெள்ளையணுக்கள் முரடுகள்தான், ஆனால் சொன்னால் கேட்கும். மெல்ல அவையும் சொல்லப் பழகின. கோமதியின் செல்கள் அவற்றோடு உட்கார்ந்து, அவளுக்குப் புளி ஆகாது, சத்தமாகப் பேசினால் பிடிக்காது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தன. ஒரு காலையில் சிறுநீர் வந்தது.

"உங்க அணுக்களை அடக்குற மாத்திரை இனி வேண்டாம். ஒண்ணுக்குள்ள ஒண்ணாயிட்டாங்க" என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டில் யாரும் இல்லை. வேலை முடிந்து நான் வந்தால் கோமதி அடுப்படியிலிருந்தே "வந்தாச்சா?" என்பாள். வீட்டு ஆளிடம் வேறென்ன கேட்பார்கள்? அந்த ஒரு சொல்லுக்காக ஏங்கிப்போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியாமல் நானே என் உடம்புக்குள் போனேன்.

வாசலில் நின்ற வெள்ளையணு என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"வாங்க" என்றது.

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன்.

"கோமதி இருக்காளா?"

"குளிச்சுக்கிட்டு இருக்கா. உக்காருங்க."

உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது.