மண்டியிடாத மருமகள்

அக்கா நகிமேரா தன் மாமியாருக்கு முன்னால் மண்டியிடுவதை நிறுத்திவிட்டாள். புகாண்டாவில் மருமகள் நின்றுகொண்டு வணக்கம் சொன்னால் அது வணக்கமல்ல, செருப்படி. பழி என் தலையில் விழுந்தது.

"காலேஜ் போன தங்கச்சி ஏத்திவிட்ட திமிரு. மண்டி போடலன்னா பொறந்த வீட்டுக்கு நடையக் கட்டட்டும். பையன் எங்க குலம், இங்கதான் இருப்பான்" என்றாள் மாமியார்.

அக்கா என்னிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னாள். பையனின் பிரசவத்தில் கீழே கிழிந்துவிட்டது, முட்டி மடிந்தால் மலம் கசிகிறது.

"திமிருபுடிச்சவன்னு சொல்லட்டும்டி. நாத்தம் புடிச்சவன்னு சொல்லிடக் கூடாது."

நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது; நிரூபித்தால் நியாயம் கிடைக்கும் என்று படித்து வைத்திருந்தேன். அக்காவையும் பையனையும், மாமியாரையும் சேர்த்தே கம்பாலா ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.

அக்காவின் ஆசனவாய்க்குள் மெல்லிய குழாய், நுனியில் சின்ன பலூன். எவ்வளவு இறுக்குகிறாளோ அவ்வளவு உயரம் திரையில் ஒரு கோடு எழ வேண்டும். கோடு படுத்தே கிடந்தது.

"இறுக்குன்னா தூங்குறியே" என்றாள் நர்ஸ். பக்கத்தில் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள்.

"இறுக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடி.

ஸ்கேனும் எடுத்தார்கள். டாக்டர் நாங்கள் காத்திருந்த கூடத்துக்கு வந்து மாமியாரிடம் சொன்னார்.

"தசை அறுந்திருக்கும்மா. இவங்க தப்பில்ல. ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம், ஆனா நிறைய பேர் காத்திருக்காங்க. அடுத்த வருஷம்கூட ஆகலாம்."

ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். மாமியார் தன் கோமேசி உடையின் இடுப்புப் பட்டையை நிதானமாகச் சரிசெய்தாள்.

"அப்ப திமிரு இல்ல."

"இல்லம்மா" என்றேன்.

"திமிருன்னா அடிச்சுத் திருத்தியிருப்பேன். இத என்ன பண்றது? இவ அவிச்ச மட்டோக்கே வாழக்காயத்தான் எம்மவன் இத்தன நாளா தின்னானா?"

அக்காவின் மடியிலிருந்து பையனைத் தூக்கினாள்.

அக்கா கூடத்தின் நடுவில் மண்டியிட்டாள். முறைப்படி, இரண்டு முட்டியும் தரையில் பட.

"அத்தை, பாருங்க, மண்டி போட்டுட்டேன். பையனக் குடுங்க."

அவள் பாவாடை நனைந்தது. பிறகு தரை. பெஞ்சில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள்.

மாமியார் ஓரடி பின்னால் போனாள். பேரனை முதுகில் ஏற்றித் துணியைச் சுற்றி முடிந்தாள்.

"எந்திரி" என்றாள். "பையன் பாக்குறான்."