ஈத்தம்பழப் பெட்டி அட்டை

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று சொல்லத் தெரியவில்லை. நஸ்லின் சொன்னதும் அவள் தங்கை ஸப்னா சொன்னதும் எனக்குள் கலந்துபோய்க் கிடக்கின்றன. வறண்ட கச்சான் காற்று வீசிய காலம் என்பது மட்டும் உறுதி. அந்தக் காற்றைத்தான் நஸ்லின் முதலில் குற்றம் சொன்னாள்.

மருதமுனையில் அவர்களுடைய வீடு ஸப்னாவின் கலியாணத்தோடு ஸப்னாவுக்குப் போனது. ஊர் வழக்கம் அதுதான். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். மூத்தவள் நஸ்லினுக்கு எந்தச் சம்பந்தமும் கூடிவரவில்லை. பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்துக்கொண்டு, பின்னறையில் களிமண்ணால் விளக்குக் கூடுகள் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவை வெடித்துக்கொண்டே இருந்தன. ஸப்னாவின் மாப்பிள்ளை ஸிராஜ் சாய்ந்தமருதுக்காரன், தையல்காரன். மெஷின்கள் போட அவனுக்கு அந்த அறை தேவைப்பட்டது. உம்மா சபூறாவை முன்னால் வைத்துப் பேசி முடித்தார்கள். இந்த முறை செய்கிற விளக்குக் கூடுகள் வெடிக்காமல் வந்தால் அறை நஸ்லினுக்கு, வெடித்தால் ஸிராஜுக்கு.

நஸ்லின் பேரீச்சம்பழப் பெட்டி அட்டையைக் கூம்பாகச் சுருட்டி, அதன்மேல் களிக்குழம்பைப் பூசிப் பூசித் தடிப்பாக்குவாள். அட்டையை உள்ளேயே விட்டுவிடுவாள். நாவிதன்வெளியில் பவிதரனின் செங்கல் சூளையில் வைத்தால் அது எரிந்துபோகும், கூடு நிற்கும். ஆனால் காயும்போதே வெடித்தது. காற்றுப் படாமல் ஜன்னலை அடைத்தாள். ஈரமான சாரத் துணியைப் போர்த்தினாள். அப்படியும் வெடித்தது.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அறைக்கதவு திறந்திருந்தது. ஸிராஜ் நிலத்தில் குந்தியிருந்து ஒரு கூட்டுக்குள் கையை விட்டு அட்டையை மெல்ல உருவிக்கொண்டிருந்தான். உருவியவற்றைத் துவைத்த துவாய் ஒன்றில் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தான். ஈரம் காயாத கூடுகள் சரிந்து, மிதிபட்ட தொப்பிகள் மாதிரிக் கிடந்தன.

“என்ன வேல பாக்கிறீங்க மச்சான்?”

“அரபெழுத்து இரிக்கி மதினி. இதையா சூளையில போட்டு எரிக்கப் போறீங்க?”

“அல்லாஹ்வே, அது நோன்புக்குப் பள்ளிவாசலால தந்த ஈத்தம்பழப் பெட்டி. பழத்த எங்க வைக்கிற எண்டு எழுதியிருக்கும்.”

“வாசிப்பீங்களா?”

“ஓதப் படிச்சவதானே, வாசிப்பன்.”

“விளங்குமா?”

அவள் சரிந்த கூடு ஒன்றை நிமிர்த்தப் பார்த்தாள்.

“எனக்கும் விளங்காது. அல்லாஹ்ட பேர் இரிக்குமோ எண்டுதான் எடுத்தன்.”

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதுவே அவளை இன்னும் எரித்தது.

“வந்து இரிக்கிற வீட்டுல கண்டதுக்கெல்லாம் கை வைக்கக்கூடாது. இது எங்கட வாப்பா கட்டின வீடு.”

பெண் வீட்டில் வாழ்கிற ஒரு மனிதனிடம் அங்கே யாரும் சொல்லாத சொல் அது. ஸிராஜ் துவாயைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனான். உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார், “உன்ட வாய்க்கு ஒரு பூட்டு இல்லையாடி,” என்றார்.

அடுத்த நாட்களில் அவன் தொடாத கூடுகள் எல்லாம் வெடித்தன. அட்டை உருவியும் சரியாமல் நின்ற சிலவற்றில் மயிர்க்கோடுகூட விழவில்லை. அவற்றைக் கையில் எடுத்து நஸ்லின் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். களி காயக் காயச் சுருங்குகிறது. அட்டை சுருங்காமல் விறைத்துக்கொண்டு நிற்கிறது. காற்றில் பிழையில்லை. களி பாதி இறுகியதும் அட்டையை எடுத்துவிட்டால் போதும்.

அவனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் அறை யாருடைய கையால் கிடைத்தது என்ற கேள்வி வரும். முதலில் செய்து பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டாள். புதிய கூடுகளை வெற்றுத்தாள் சுற்றிச் செய்து, வேளை பார்த்து உருவினாள். ஒன்றும் வெடிக்கவில்லை. பவிதரனின் சூளையிலிருந்தும் முழுசாக வந்தன.

அதற்குள் ஸப்னா அறை வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“ராத்தா, அவர் இஞ்ச சோறு தின்னுறல்ல. கடையில திண்டுட்டு வாறார். வேற வீடு பாத்திட்டாராம்.”

நஸ்லின் முற்றத்துக்கு ஓடினாள். ஸிராஜ் மெஷின் ஒன்றை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

“மச்சான், நீங்க அட்டைய உருவினதாலதான் கூடு தப்பினது. நான் கதைச்சது பிழ.”

“தப்பினதா? அப்ப நல்லம் மதினி,” என்றான். உண்மையான சந்தோஷம் அவன் முகத்தில் ஒரு கணம் இருந்தது. பிறகு கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

ஸிராஜும் ஸப்னாவும் இப்போது நற்பிட்டிமுனையில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஒரு பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. உம்மா சபூறா பெரும்பாலும் அங்கேதான். பெருநாளுக்கு ஸப்னா பிள்ளையோடு வருவாள். ஸிராஜ் வெளியில் நின்று ஸலாம் சொல்லிவிட்டுப் போவான். நஸ்லின் பின்னறையில் வேலை செய்கிறாள். மற்ற அறைகள் பூட்டியிருக்கின்றன.