பின்வாசலில் யாரும் இல்லை

1

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2007 செப்டம்பர் மாதம். கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வழியில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் ஒதுங்கினேன். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் அரை மணி நேரம் வாங்கிக்கொண்டு மெயில் பார்த்தேன். எனக்கு யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. தலையைத் தூக்கியபோது சுவரில் அந்தத் தாள் தெரிந்தது. பத்துப் பெயர்கள், பக்கத்தில் பத்து எண்கள். முதலில் ‘முத்துராஜ் (ஜீப்) 1144’. கடைசியில் ‘சுமலதா (ஜெராக்ஸ்) 936’. நடுவில் இருந்த எட்டுப் பேரும் ஆண்கள்.

“இது என்னங்க?” என்று கேட்டேன்.

“கேம் ரேங்க் சார்” என்றார் கடைக்காரர். மழை விட்டது. நானும் வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது. பெயர்களைக்கூட மாற்றிவிட்டேன்.*

* அந்த மாதிரி விளையாட்டை நான் ஆடியதில்லை. அண்ணன் மகன் யோகேஷ் போனில் மூன்று தடவை விளக்கினான். “சித்தப்பா, ஒங்களுக்கு எதுக்கு இந்தச் சோலி?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“ஏரியின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. சுமலதா கடையின் ஷட்டரைத் தூக்கி —”

விட்டுவிட்டேன். கொடைக்கானலைப் பற்றி எழுத உட்காரும் எல்லோரும் மேகத்தைத்தான் முதலில் கூப்பிடுகிறோம். அது வந்து கதையை மூடிவிடுகிறது.

அடுத்தது:

“சுமலதாவுக்கு முப்பத்து நான்கு வயது. அவளுக்கு யாரும் இல்லை.”

இதுவும் பொய். அவளுக்குத் திருப்பூரில் ஒரு தம்பி இருந்தான். தீபாவளிக்குப் போன் செய்வான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம் அது. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு அவள் ஒற்றை அறையில் இருந்தாள். பக்கத்து வீடுகளில் எல்லோரும் நல்லவர்கள்தான். நல்லவர்களுக்கு நேரம் இல்லை. காலையில் அந்தப் பிரவுசிங் சென்டருக்கு ஜெராக்ஸ் எடுக்கும் வேலைக்கு வந்து மாலையில் திரும்பும்வரை அவளிடம் பேசியவர்கள் பேசியதெல்லாம் “ரெண்டு காப்பி”, “முன்னும் பின்னும்” என்பதுதான். [ஜெராக்ஸ் காப்பி. தனியாக இருப்பவர்களிடம் இப்படித்தான் பேசுகிறோம், வேலைக்கு மட்டும்.]

அதனால் விதியிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கதையில் தப்பு செய்ததும் விதிதான் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

3

கடைக்காரர் ஞானவேல் கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கியவர். சீசன் முடிந்தால் மார்கழி பிறக்கும்வரை மலையில் மழைதான், சுற்றுலாக்காரர்கள் வரமாட்டார்கள். ஜீப் ஓட்டுகிறவர்கள், ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காலம். அவர்களை வைத்து ஒவ்வொரு புதன்கிழமை மத்தியானமும் கம்ப்யூட்டரில் ஒரு துப்பாக்கி விளையாட்டு நடத்தினார். ஐந்து பேர் ஓர் அணி. ஐந்து பேர் எதிரணி.

அவருடைய ரேங்க் முறை இது. எல்லோரும் ஆயிரம் புள்ளியில் தொடங்குவார்கள். ஜெயித்த அணியில் ஐந்து பேருக்கும் ஆளுக்குப் பதினாறு ஏறும். தோற்ற அணியில் ஐந்து பேருக்கும் பதினாறு இறங்கும். யார் எத்தனை பேரைச் சுட்டார்கள் என்பது கணக்கில் வராது.

“நான் ஒத்தையா நாலு பேரச் சுட்டேன். எனக்கும் பதினாறு, நின்னு வேடிக்க பாத்தவனுக்கும் பதினாறா?” என்று பழனிமுத்து சண்டைக்கு வந்தார். பரோட்டா மாஸ்டர். பட்டியலில் இரண்டாவது ஆள்.

“அஞ்சு பேரு சேந்து தூக்குறது மாஸ்டர். ஒருத்தன் கைய மட்டும் எப்பிடி அளக்குறது?” என்றார் ஞானவேல்.

இந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. கடவுளும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அவர் எப்படிப் போடுகிறார் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த விதிதான் முக்கியம். இரண்டு அணிக்கும் பலம் சமமாக இருக்க வேண்டும். அதனால் பட்டியலில் முதல் ஆளும் பத்தாவது ஆளும் எப்போதும் ஒரே அணி. இரண்டாவது ஆளும் ஒன்பதாவது ஆளும் எதிரணி. நடுவில் இருப்பவர்களையும் வரிசைப்படியே சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். இரண்டு அணிக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. ஹெட்போனில் அவரவர் அணியின் பேச்சு மட்டும்தான் கேட்கும்.

ஒரு புதன்கிழமை ஒன்பது பேர்தான் இருந்தார்கள். ஞானவேல் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பினார். “சுமா, சும்மா ஒக்காரு. ஆள் கணக்குக்கு.”

ஆள் கணக்குக்காக உட்கார்ந்தவள் நாலைந்து வாரம் தோற்றுப் பத்தாவது ஆனாள். அதனால் முத்துராஜின் பக்கத்து நாற்காலி அவளுடையதானது.

4

முத்துராஜுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சொந்தமாக ஒரு பழைய ஜீப். பழனிமுத்து அவரைச் சீண்டாத நாள் இல்லை.

“ஏலே முத்துராசு, ரோட்டுல ஒனக்கு ஒரு சவாரி இல்ல, இங்க மட்டும் ஒண்ணாம் நம்பரா?”

“ஒம் பரோட்டாவத் தின்னவன் ரெண்டு நாளா எந்திரிக்கலயாம், அவனப் போய்ப் பாருலே.”

இந்தக் கலகலப்புக்கு நடுவில் அவர் பக்கத்தில் திரும்பி, “ஏத்தா, சாப்ட்டியா? வெரல் வெறச்சுக் கெடக்கு பாரு, இந்த டீயப் புடி” என்பார். குடிக்க அல்ல. சூடான கிளாஸை இரண்டு நிமிடம் பிடித்திருந்தால் விரல் மவுஸில் நன்றாக ஓடும்.

அவளுக்கு ஒரு வேலையும் கொடுத்தார். ஆட்டத்தில் ஒரு பழைய கிடங்கு உண்டு. அதன் பின்வாசலில் அவள் நிற்க வேண்டும். சுடக்கூட வேண்டாம். எதிராளி வந்தால் சொன்னால் போதும்.

“நான் முன்னாடி போறேன். திரும்பிப் பாக்க மாட்டேன். ஒன்னைய நம்பித்தான் போறேன், சரியா?”

“சரிங்கண்ணே.”

[இதைக் காதலாக எழுதலாமா என்று யோசித்தேன். இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். சுமலதா அந்தப் பக்கங்களில் பொம்மை மாதிரி நின்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது இல்லை. ‘ஒன்னைய நம்பித்தான் போறேன்’ என்று வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மனிதக் குரல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதைக் காதல் என்று சொன்னால் பெரிதாகிவிடும், தேவை என்று சொன்னால் சிறுத்துவிடும். பெயர் வைக்காமலே விடுகிறேன்.]

சுமலதா பின்வாசலை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். யாராவது வந்தால் எத்தனை பேர், எந்தப் பக்கம் என்று சரியாகச் சொன்னாள். அணி ஜெயிக்கத் தொடங்கியது. புதன்கிழமை மாலையில் பட்டியலை அச்செடுத்து ஒட்டுவதும் அவள் வேலைதான். அப்படி ஒரு நாள் ஒட்டும்போதுதான் கவனித்தாள். அவளுக்கும் ஒன்பதாவது ஆளுக்கும் இடையில் பதினாறு புள்ளிதான் இருந்தது. இன்னொரு தடவை ஜெயித்தால் அவளுக்குப் பதினாறு ஏறும், அவனுக்குப் பதினாறு இறங்கும். அவள் ஒன்பதாவது ஆவாள். ஒன்பதாவது ஆள், தடுப்புக்கு அந்தப் பக்கம்.

அவரோடு சேர்ந்து ஜெயித்தால் அவரை விட்டுப் போக வேண்டும். இதுதான் ஞானவேலின் விதி.

“அந்தப் பக்கம் என்ன, எட்டடி தூரம்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். யோகேஷும் கேட்டான். எட்டடி எவ்வளவு தூரம் என்பது வீட்டில் நாலு பேர் இருப்பவர்களுக்குத் தெரியாது.

5

அடுத்த புதன்கிழமை.

ஹெட்போனில் முத்துராஜின் குரல். “சுமா, பின்வாசல்ல ஆளு இருக்கா?”

திரையில் சுவரோரமாக மூன்று பேர் குனிந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் அவளைப் பார்த்துவிட்டான். விரல் நுனியில் டீ கிளாஸின் சூடு இன்னும் இருந்தது.

“இல்லண்ணே” என்றாள். “யாரும் இல்ல.”

அவளைச் சுட்டுவிட்டு உள்ளே வந்த மூன்று பேரும், முத்துராஜின் முதுகுக்குக் காவலாக மாடிப்படியில் நின்றிருந்த மூக்கையாவைத்தான் அடுத்துச் சுட்டார்கள். பிறகு முத்துராஜின் முதுகில்.

மூக்கையா ஒரு லாட்ஜில் விறகடுப்பில் வெந்நீர் போடுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். மேல்மலைப் போளூர்க்காரர். பட்டியலில் ஏழாவது ஆள். அடுத்தடுத்து இரண்டு வாரம் ஜெயித்தால் ஆறாவது ஆகிவிடலாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பெருசு அசந்துருச்சுடோய்!” என்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பழனிமுத்து கத்தினார்.

“கண்ணுல புகை அடிச்சு அடிச்சுப் பார்வை மங்கிருச்சப்பா” என்று மூக்கையா சிரித்தார். போகும்போது சுமலதாவிடம் நின்றார். “என்னாலதான் தாயி தோத்துட்டோம். மனசுல வெச்சுக்காத.”

அவள் பேப்பர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

தோற்றதில் ஒன்பதாவது ஆளுக்கும் அவளுக்கும் நடுவில் இடைவெளி கூடியது. அதனால் அடுத்த வாரம் ஜெயிக்கலாம். அதற்கடுத்த வாரம் தோற்க வேண்டும். ஒரு வாரம் உண்மை, ஒரு வாரம் பொய். ஒரு வாரம் பதினாறு ஏறும், மறு வாரம் பதினாறு இறங்கும்.**

** முத்துராஜ் எல்லா வாரமும் முதலிடத்தில்தான் இருப்பார். யோகேஷிடம் கொடுத்துச் சரிபார்த்துவிட்டேன்.

“பட்டியலே நகர மாட்டேங்குது” என்று ஞானவேல் தலையைச் சொறிந்தார். “நான் போட்ட சூத்திரத்துல எங்கயோ கோளாறு.”

கோளாறு இல்லை. தனியாகிவிடக்கூடாது என்று ஒருத்தி நினைத்ததில் ஒன்பது பேர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

மூக்கையா ஒரு நாள் புதுக் கண்ணாடியோடு வந்தார். “வெள்ளனே மொத பஸ்ஸப் புடிச்சு வத்தலக்குண்டு போயி மாத்தியாந்தேன். இனிமே எறும்பு வந்தாலும் தெரியும்.”

துரதிர்ஷ்டம், அது தோற்க வேண்டிய வாரம்.

[இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். கண்ணாடியை அவருக்கு மாட்டிவிட்டது நான்தானே. கதைக்கு அது தேவைப்பட்டது. சுமலதா செய்ததற்கும் நான் செய்ததற்கும் ரொம்ப வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை.]

6

அக்டோபர் மாதம், முதல் புதன்கிழமை. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். மூக்கையா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

“ஞானவேலு, எம் பேர எடுத்துருப்பா. நல்லா ஆடுற பயலுக. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்னாலதான் தோக்குறாங்ய. கண்ணாடியும் மாத்திப் பாத்துட்டேன்.”

“அட, வெளாட்டுதானண்ணே” என்றார் முத்துராஜ்.

“இல்லப்பா. இருக்கட்டும். வேற ஆளச் சேத்துக்கங்க. புதன்கெழம எனக்கும் அங்க வேல கெடக்கு.”

மழைக்காலத்தில் வெந்நீர் கேட்க லாட்ஜில் ஆள் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பழனிமுத்துகூடக் கிண்டல் செய்யவில்லை.

ஞானவேல் பெருமூச்சு விட்டார். “சுமா, பட்டியலத் தொற. ஏழாவது வரிய அழிச்சிரு.”

அவள் திறந்தாள். ஏழாவது வரிக்குப் போனாள். ‘மூக்கையா (வெந்நீர்)’. ஒரு பட்டனை அமுக்கினால் போதும்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவள் அழித்துவிடுகிறாள். கீழிருந்து ஒரு டிரைவர் வந்து சேர்கிறான். மூக்கையா லாட்ஜின் பின்கட்டில் அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புதன்கிழமை ஆட்ட நேரமான மூன்று மணி ஆனதும் ஒரு தடவை ரோட்டைப் பார்க்கிறார். இதை எழுதிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை.

இரண்டாவது முடிவில் மூக்கையாவின் பெயரை விட்டுவிட்டுத் தன் பெயரை அழித்துவிடுகிறாள். காரணம் சொல்லாமல் எழுந்து வெளியே போகிறாள். படிக்கத் தியாகம் மாதிரி இருக்கும். ஆனால் தோற்றது தன்னால்தான் என்று மூக்கையா சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பார். பொய்யை அங்கேயே விட்டுவிட்டுப் போவது தியாகமா? எனக்குத் தெரிந்தவரை அதற்கு ஓடிப்போவது என்றுதான் பேர்.

மூன்றாவதில் அவள் —

7

சுமலதா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அந்தக் கடையில் அவள் குரல் ஜெராக்ஸ் மெஷினின் சத்தத்துக்கு மேல் எழும்பியதே இல்லை.

“மூக்கையாண்ணே, போகாதீங்க.”

பழனிமுத்து தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“ஒங்க கண்ணுல ஒண்ணும் இல்லண்ணே. பின்வாசல்ல ஆளு வந்தாங்க. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் இல்லன்னு சொன்னேன். நாலு தடவ சொன்னேன். ஜெயிச்சா… ஜெயிச்சா என்னைய அந்தப் பக்கம் போட்டுருவாங்க. அங்க எனக்கு…”

வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

முத்துராஜ் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் முன்னே போன மனிதர் இப்போது முழுதாகத் திரும்பி அவளைப் பார்க்கிறார். நாலு தடவை அவரை முதுகில் சுட்டிருக்கிறார்கள். விளையாட்டுத்தான். ஆனால் நம்பிக்கை விளையாட்டில் வைத்ததாக இருந்தாலும் நம்பிக்கைதான் என்பது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மூக்கையா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்கிறார். அழுக்கு ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் நான் பேனாவை மூடிவிடுகிறேன். சோம்பல் இல்லை. நான் எழுதினால் முத்துராஜ் மன்னித்துவிடுவார். என் கதைகளில் எல்லோரும் மன்னித்துவிடுகிறார்கள், எனக்கு வேறு மாதிரி எழுத வராது. எனக்குச் செலவு இல்லாத மன்னிப்பு அது. அவளுக்கு அது போதாது. நாலு தடவை முதுகில் வாங்கியவர் யாராவது சொன்னால்தான் அவள் நம்புவாள்.

உங்களுக்கு அப்படி ஒன்று நடந்திருக்கும். யாரும் இல்லை என்று ஒருவர் சொல்ல, நம்பி முன்னே போய் நீங்கள் விழுந்திருப்பீர்கள். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று கடைசிவரை உங்களுக்குத் தெரிந்திருக்காது. இவளிடம் அந்தக் காரணம் இருக்கிறது. எழுந்து நின்று பாதி சொல்லியும்விட்டாள்.

முத்துராஜின் இடத்தில் உட்காருங்கள். எதை வேண்டுமானாலும் சொல்லலாம், கோபமாகக்கூட. கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.