பழைய படம் என்று ஒரு வரி

சனிக்கிழமை வேலைமுறைக்கு யாரும் விரும்பி வருவதில்லை. அன்ரனீற்றா மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வாள். எல்லர்ஸ்லி என்ற புறநகரில் இருந்த அந்தச் செய்திக் கண்காணிப்பு அலுவலகம் அன்றைக்குச் சத்தமில்லாமல் கிடக்கும். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தன்பாட்டில் வேலை பார்க்கலாம். முதல்நாள் மாலைத் தொலைக்காட்சிச் செய்திகளை வீடியோ டேப்பில் ஓட்டிப் பார்த்து, எது எத்தனை நிமிடம், யார் என்ன சொன்னார், என்ன காட்டினார்கள் என்று ஆங்கிலத்தில் சுருக்கி எழுதுவது அவள் வேலை. பதினொரு மணிக்கு அந்தத் தாள்கள் ஃபாக்ஸில் சந்தாதாரர்களுக்குப் போய்விடும். வங்கிகளுக்கு வட்டிச் செய்தி, பண்ணைக்காரர்களுக்கு ஆட்டுச் செய்தி.

இஸ்ரேல், பாலஸ்தீனச் செய்திக்கு இரண்டே சந்தாக்கள். ஒன்று, இஸ்ரேலின் நண்பர்கள் என்ற குழு. மற்றது நபீல் என்ற தனிமனிதர். காஸாவில் பிறந்து, அதே நகரத்துக் கிளென் ஈடனில் எலக்ட்ரீஷியனாக இருப்பவர். இருவருக்கும் போவது ஒரே தாள்தான். அது மற்றவர் பக்கம் சாய்ந்திருக்கிறதென்று இருவருமே மாதம் ஒருமுறையாவது முறைப்பாடு செய்வார்கள்.

1998ஆம் ஆண்டு மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை. டேப்பில் காஸா எல்லைக் கடவை ஒன்று வந்தது. ஐம்பது வருடங்களுக்கு முன் இழந்த ஊர்களை நினைத்து ஊர்வலம் போனவர்கள், பறக்கும் கல், கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சூடு, ஆம்புலன்ஸ். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. கடைசியில் ஒரு பெண். எல்லாரும் ஓடிப்போன தெருவில் அவள் மட்டும் குனிந்து, ஒரு குழந்தையின் காலிலிருந்து கழன்ற ஒற்றைச் சப்பாத்தை எடுத்து, தூசியைத் தட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அன்ரனீற்றா டேப்பை நிறுத்தினாள். பின்னோக்கி ஓட்டி மறுபடி பார்த்தாள். இந்த முகத்தை அவளுக்குத் தெரியும். அந்த நடையையும், சப்பாத்தைத் தட்டிய விதத்தையும்கூடத் தெரியும்.

எழுந்துபோய்ப் பழைய கோப்புகள் இருந்த அலுமாரியைத் திறந்தாள். அரை மணி நேரத்தில் 1996 செப்டம்பர்த் தாள் ஒன்று அகப்பட்டது. அவளே தட்டியது. "கலவரம் முடிந்த தெருவில் ஒரு பெண் குழந்தையின் சப்பாத்தை எடுத்துத் தட்டிக் கக்கத்தில் வைக்கிறார்." இவ்வளவு விவரம் தேவையில்லை என்று அப்போது ஏச்சு வாங்கியதும் நினைவுக்கு வந்தது.

'இன்று' என்று செய்திக்காரர் சொன்னால் அவள் நம்பிப் பல காலமாகிவிட்டது. 1995 கடைசியில் யாழ்ப்பாணத்து இடப்பெயர்வைக் காட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் கறுப்புக் குடையை ஊன்றியபடி, மன்னார்ப் பக்கம் பேசாலையில் இருந்த அவளுடைய சித்தப்பா நடந்து போனார். 1993இல் மடுவில் அடக்கம் செய்யப்பட்ட சித்தப்பா. அந்தச் சானலுக்கு அன்றே ஃபோன் எடுத்தாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு பெண்குரல் சொல்லி வைத்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும் இது எந்த வருடத்துச் சாவு என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

அன்றைய தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: "இப்படங்களில் சில 1996 செப்டம்பரில் ஒளிபரப்பான பழைய படங்கள்."

மேற்பார்வை பார்க்கும் பழனிவேல் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். மதுரைப் பையன், முப்பத்திரண்டு வயது. "நிச்சயமா அக்கா?"

"நானே எழுதினது தம்பி. பாருங்கோ," என்று பழைய தாளைக் காட்டினாள்.

அவன் ஃபாக்ஸ் இயந்திரத்தை நோக்கிப் போனான். அவள் பழைய தாளைக் கோப்பில் திரும்ப வைத்துவிட்டுப் புறப்படும்போது, "நீங்க போங்க, நான் பூட்டிக்கிறேன்," என்றான்.

திங்கட்கிழமை காலை மனேஜர் ஹெதர் அவளைக் கூப்பிட்டாள். மேசையில் மூன்று தாள்கள் கிடந்தன. நண்பர்கள் குழு நன்றி எழுதியிருந்தது. இந்த வரியைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டதாகவும் சொல்லியிருந்தது. பத்திரிகை விசாரித்ததில் விஷயம் அறிந்து, சானலிலிருந்து ஆதாரம் கேட்டிருந்தார்கள். நபீலின் ஃபாக்ஸில் ஒரே கேள்வி: இதை எழுதியது யார்?

"உங்கள் நாட்டிலும் இப்படி ஒரு சண்டைதானே, அன்ரனீற்றா," என்றாள் ஹெதர். குரலில் கோபமில்லை. "இதில் உங்களுக்கு ஏதும் பக்கம் இருக்கிறதா?"

"இல்லை. என்னிடம் பழைய தாள் இருக்கிறது. கொண்டுவருகிறேன்."

அலுமாரியைத் திறந்தாள். செப்டம்பர்க் கோப்பில் அந்தத் தாளைக் காணவில்லை. முன்னும் பின்னும் இருந்த தாள்கள் ஒழுங்காக இருந்தன. அந்த ஒன்றை மட்டும் யாரோ பக்குவமாக உருவியிருந்தார்கள். அவள் வெறுங்கையோடு திரும்பி வருவதை ஹெதர் பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமைக்குள் ஆதாரம் வேண்டும் என்றாள்.

அலுவலகத்தில் ஒவ்வொரு தலையும் தன்னைக் கண்டு தாழ்வதாக அன்ரனீற்றாவுக்குப் பட்டது. பழனிவேல் அவள் பக்கமே வரவில்லை. சனிக்கிழமை பூட்டியது அவன். அந்தத் தாள் இருப்பது தெரிந்தவனும் அவன் ஒருத்தன்தான். காலையில் ஹெதரின் அறைக்கதவு சாத்தியிருந்தபோது உள்ளே இருந்ததும் அவன்தான்.

அன்றிரவு பாபடோயிட்டோயில் இருந்த வீட்டில் கணவன் கிளறன்ஸ் சோற்றைப் பிசைந்தபடி எல்லாவற்றையும் கேட்டான்.

"அவன் உம்மை விழுத்திப்போட்டு மேல ஏறப் பாக்கிறான். உமக்கும் ஏனப்பா தேவையில்லாத வேலை? படம் பழசெண்டா என்ன, புதுசெண்டா என்ன?"

"பழசை இண்டைக்கு நடந்ததெண்டு காட்டலாமோ?"

"காட்டட்டும். அது அவையின்ர பாடு."

செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையில் நண்பர்கள் குழுவின் கடிதம் வந்துவிட்டது. எல்லைக் கலவரங்கள் என்று காட்டப்படுவதில் பாதி பழைய படம் என்றும், அதை ஒரு கண்காணிப்பு நிறுவனமே உறுதிசெய்திருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். அவள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதிய வரி, அங்கே ஊர்வலம் முழுவதையும் பற்றியதாகியிருந்தது.

தேநீர் அறையில் பழனிவேலை மறித்தாள்.

"தம்பி, ஒளிக்காமல் சொல்லுங்கோ. அந்தத் தாளை நீங்களே எடுத்தனீங்கள்?"

"ஆமா, நான்தான் எடுத்தேன்."

இவ்வளவு லேசில் ஒப்புக்கொள்வான் என்று அவள் நினைக்கவில்லை. "ஏன்?"

"டேப் நம்பர் அதுலதான் இருக்கு. நம்ம டேப்பை முப்பது நாள்ல அழிச்சிடுறோம். ஆனா யாராவது காப்பி வாங்கியிருந்தா அது அவங்க வீட்டுல இருக்கும்ல? ரெண்டு நாளா பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினேன். அந்த டேப்புக்கு ஒருத்தர் காப்பி வாங்கியிருக்கார். நபீல்."

"இதை என்னட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எழுதினது தப்பா இருந்துட்டா? அந்த வரியைப் படிச்சிட்டு அனுப்பினவன் நான். பார்க்காம எதுக்கு வாயைத் திறக்கணும்னு இருந்தேன்."

அவன் சொன்னதை அவள் பாதிதான் நம்பினாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தேடியிருக்கிறான் என்பது மட்டும் நிச்சயமாக உண்மை. ஆனாலும் அன்று வேலை முடிந்ததும், வெள்ளிக்கிழமைச் செய்தி இருந்த டேப்பைப் பையில் வைத்துக்கொண்டு, நபீல் வீட்டுக்குப் போக அவனுடைய காரில் ஏறினாள்.

நபீல் கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும். வேலையிலிருந்து அப்போதுதான் வந்தவர்போல, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் செருகியிருந்தது.

"யார் அனுப்பினார்கள்?"

"யாரும் அனுப்பவில்லை," என்றாள் அன்ரனீற்றா.

"அப்படியென்றால் ஏன் இரண்டு பேர்?"

பழனிவேல் இரண்டடி பின்னால் போய்ப் புல்லில் நின்றுகொண்டான்.

"அந்த வரியை எழுதியது நான்," என்றாள். "நீங்கள் 1996இல் வாங்கிய டேப்பை ஒருமுறை பார்க்க வேண்டும்."

"பார்த்துவிட்டுப் பத்திரிகையில் இன்னொரு கடிதமா?"

அவள் சித்தப்பாவின் கதையைச் சொன்னாள். மன்னாரையும் மடுவையும் இந்த மனிதருக்கு எப்படி விளங்கவைப்பது என்று தெரியாமல், இறந்தவர் நடந்துபோனார் என்பதை மட்டும் மறுபடி மறுபடி சொன்னாள். நபீல் பொறுமையாகக் கேட்டார்.

"நிச்சயமாக அது உன் சித்தப்பாதானா?"

"குடை…" என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். முகத்தை எத்தனை விநாடி பார்த்தோம்? இரண்டா, மூன்றா? இத்தனை வருடத்தில் அவளை யாரும் இதைக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

நபீல் கதவை அகலத் திறந்தார்.

முதலில் பழைய டேப். கலவரம் ஓய்ந்த தெரு. அந்தப் பெண் வந்தாள், குனிந்தாள். சிவப்பு நிறச் சப்பாத்து. பின்னால் முட்கம்பி வேலி மட்டும். நபீல் டேப்பை மாற்றினார். அதே பெண் வந்தாள், அதே மாதிரிக் குனிந்தாள். இந்தச் சப்பாத்து வெள்ளை. வேலி இருந்த இடத்தில் ஆளுயரச் சீமெந்துக் கட்டைகள் வரிசையாக நின்றன. முக்காட்டின் ஓரத்தில் நரை தெரிந்தது. இடது காலை மெல்ல இழுத்து நடந்தாள்.

மூன்று முறை மாற்றி மாற்றிப் போட்டார்கள். பழனிவேல் திரைக்கு முன்னால் மண்டியிட்டுப் பார்த்தான். "வேற நாள் அக்கா. ரெண்டும் வேற வேற நாள்," என்று தமிழில் மெதுவாகச் சொன்னான்.

அன்ரனீற்றா திரைக்கு அருகே போய் நின்றாள். சானல்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தாள். இப்போது அவள் கண்முன்னால் இருந்தது இரண்டு சப்பாத்துகள், இரண்டு குழந்தைகள், இரண்டு தடவையும் அந்தத் தெருவில் நின்ற ஒருத்தி. அவளுடைய ஒரு வரி அந்த இரண்டாவது நாளை நடக்காததாக்கியிருந்தது.

"இந்தக் காப்பியை ஏன் வாங்கினீர்கள்?" என்று பழனிவேல் கேட்டான்.

"என் அக்கா என்று நினைத்தேன். ஃபோன் எடுத்துக் கேட்டேன். அன்றைக்கு வெளியே போகவேயில்லை என்றாள்." நபீல் டேப்பை வெளியே எடுத்தார். "சொல்வாள்தான். நான் கவலைப்படக் கூடாதென்று எதையும் சொல்வாள். இந்தமுறை நான் கேட்கவில்லை."

புதன்கிழமை காலை ஹெதர் திருத்தக் குறிப்பாக இரண்டு வரி எழுதிவைத்திருந்தாள். குறிப்பிட்ட படங்களின் தேதியை உறுதிசெய்ய இயலவில்லை என்று இருந்தது. "இதில் யாருக்கும் குறை இருக்காது," என்றாள்.

"உறுதிசெய்துவிட்டோம். படம் புதியது. நான் எழுதியது பிழை."

"அப்படி எழுதினால் இரண்டு பக்கமும் நம்மைப் பிடித்துக்கொள்ளும்."

அன்ரனீற்றா தன் மேசைக்குப் போய், நடந்ததை நாலு வரியில் தட்டினாள். படம் அந்த வெள்ளிக்கிழமையுடையது, பிழை தன்னுடையது, இரண்டு டேப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. கீழே பெயரையும் போட்டாள். பதினொரு மணிக்கு வழக்கமான தாள்களோடு அதையும் சேர்த்து ஃபாக்ஸில் வைத்தாள். பழனிவேல் எதிரே நின்றான். தடுக்கவில்லை, இரண்டாவது சந்தாதாரரின் எண்ணை அவனே அழுத்தினான்.

நண்பர்கள் குழு சந்தாவை நிறுத்தியது. அன்ரனீற்றாவை யாரோ மிரட்டி எழுத வைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். அவள் அனுப்பிய திருத்தத்தைப் பத்திரிகை உள்பக்கத்தில் நாலு வரியில் போட்டது. படித்தவர்கள் எத்தனை பேரோ. ஹெதர் எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைக் கொடுத்து, அவளை வெளிநாட்டுச் செய்தியிலிருந்து விவசாயச் செய்திக்கு மாற்றினாள். பழனிவேலுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அவனுக்குச் சொல்லப்பட்டது.

"நம்பிறீங்களோ?" என்று அன்ரனீற்றா கேட்டாள்.

"இல்லக்கா," என்றான் அவன், பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி.

ஜூன் மாதம் ஒரு பிற்பகல் நபீல் ஃபோன் எடுத்தார். அலுவலக எண்ணுக்கு அழைத்து, அவள் பெயரைத் தப்பாக உச்சரித்துக் கேட்டிருந்தார்.

"அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன்."

அன்ரனீற்றா ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினாள். "எப்படி இருக்கிறார்?"

"வீட்டில்தான் இருக்கிறாள். நன்றாகத் திட்டினாள். தொலைக்காட்சியில் ஏதும் வந்தால்தான் உனக்கு அக்கா ஞாபகம் வருமா என்று கேட்டாள். வாராவாரம் எடுக்கச் சொல்கிறாள்."

"எடுங்கள்," என்றாள் அன்ரனீற்றா.

"எடுக்கிறேன்," என்றார். பிறகு என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். அவள் டேப்பை ஓடவிட்டு, வைக்காட்டோச் சந்தையின் ஆட்டு விலையைத் தட்டத் தொடங்கினாள்.