எண் காட்டிய பூஞ்சணம்

ஏசி ரிப்பேரில் எனக்குப் பதினெட்டு வருட அனுபவம். ஒழுகுகிற ஏசியைக் கண்டால் கை சும்மா இருக்காது. பாங்காக் ஓரத்தில் எங்கள் சந்திலேயே குடியிருக்கும் மயூரீ அக்கா போன் செய்து, "தம்பி, ஹச்! உடனே வாடா, ஹச்! தூங்கி மூணு வாரமாச்சு, ஹச்!" என்றதும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

படுக்கையறை வாசலில் இருபது ஜோடிச் செருப்பு. யாராவது போய்ச் சேர்ந்துவிட்டார்களோ? எட்டிப் பார்த்தால், ஏசித் தண்ணீரில் சுவர் ஊறி, ஆள் உயரத்துக்குக் கருப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். அதற்கு முன்னால் ஊதுபத்தி, சாமந்தி மாலை, சாமிக்குப் படையலாக ஸ்ட்ரா போட்ட சிவப்புச் சோடா ஏழு பாட்டில்! அக்காவின் புருஷன் விச்சை, முகப்பவுடரைக் கொட்டிப் பூஞ்சணத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பதினாறாம் தேதி லாட்டரிக் குலுக்கல். பரிசுச் சீட்டின் கடைசி இரண்டு எண்ணை இதில் தேடுகிறார்களாம்.

"நாலு தெரியுது பாரு, நாலு!" என்றார் டீக்கடைக்காரர்.

"கண்ண அடகு வச்சிட்டியா? அது ஒன்பதுய்யா!" என்றாள் தையல்காரி.

நான் ஏணியைச் சாத்தினேன். விச்சை குறுக்கே வந்து நின்றார்.

"தொட்டே, கைய ஒடிச்சிருவேன். சொட்டு நின்னா சாமி கோவிச்சுக்கும்."

"அண்ணே, சாமியும் இல்ல, பூதமும் இல்ல. தண்ணி போற குழாய்ல அடைப்பு. அக்காவுக்கு மூச்சு இழுக்குது, தெரியலையா?"

"குலுக்கல் முடியட்டும். பெரிய ஆஸ்பத்திரிலயே காட்டுறேன்."

மூலையில் அக்கா, மூக்கு மிளகாய்ப்பழமாகச் சிவந்து, அடுத்த தும்மலுக்கு வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! ஆனால் இருபது பேரோடு மல்லுக்கட்டினால் என் ஏணிதான் உடையும். முள்ளை முள்ளால்தான் எடுக்கவேண்டும்.

சுவரைக் கும்பிட்டேன். காதை வைத்துக் கேட்டேன். நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

"அட பாவிங்களா! மேல தெரியிறது சும்மா கண்கட்டு. நெசமான எண்ணு அடியில கிடக்கு. வினிகர் ஊத்தித் தேய்ச்சாத்தான் வெளிய வரும். அதுக்குள்ள தண்ணி சொட்டிச்சோ, அதுவும் அழிஞ்சிரும்!"

அவ்வளவுதான். ஜன்னலெல்லாம் திறந்தது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு சந்தே சேர்ந்து தேய்த்தது. மாமியார் சொல்லியும் சட்டி கழுவாத தையல்காரி, நகம் தேயத் தேய்த்தாள். நான் நிம்மதியாகக் குழாயை ஊதி, கொழகொழவென்று அழுக்கையும் செத்த பல்லி ஒன்றையும் வெளியே எடுத்தேன். சாயங்காலம் சுவர் சுத்தம். அக்கா ஆழமாக மூச்சு இழுத்தாள். தும்மல் வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

தேய்த்த தேய்ப்பில் காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்து, "எண்பத்தொண்ணு!" என்று எல்லோரும் கூவினார்கள். எனக்கு எங்கே பார்த்தாலும் பெயர்ந்த காரைதான்.

பதினாறாம் தேதி விழுந்தது, எண்பத்தொன்று!

சந்தே ஆடித் தீர்த்தது. சீட்டு வாங்காதவன், புளுகிய நான் ஒருத்தன்தான்.

மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. "தம்பி, நம்ம வீட்டு ஏசிய கொஞ்சம் ஒழுக வச்சுத் தர்றியா?" இதுவரைக்கும் பதினோரு பேர். ஒழுகலை நிறுத்திப் பேர் வாங்கினவனிடம் கேட்கிற கேள்வியா இது? திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், என் மனைவி ராத்ரீ இடுப்பில் கை வைத்து எங்கள் ஏசியையே முறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏங்க, சந்து முழுக்க ஒழுக வைக்கப் பாக்குறாங்க. இது மட்டும் ஏன் ஒரு சொட்டு கூட விடமாட்டேங்குது?"

"நான் ஒழுங்கா வேலை பாத்து வச்சிருக்கேன்டி."

"அதான் நாம உருப்படல," என்றாள்.